பல் டாக்டரிடம் போகும் முன் பிள்ளையே பல் எண்ணட்டும்

பல் டாக்டரிடம் போவதற்கு முந்தின ராத்திரி, பிள்ளை கையில் கண்ணாடியும் செல்போன் டார்ச்சும் கொடுத்துத் தன் பல்லைத் தானே எண்ணச் சொல்லுங்கள். தாளில் மேலும் கீழுமாக இரண்டு வளைவு வரைந்து, ஆடுகிற பல்லுக்கு வட்டம், கறுப்புத் தட்டியதற்குப் புள்ளி.

டாக்டரும் முதலில் எண்ணத்தான் போகிறார். அது தெரிந்த பிள்ளை, கணக்கு சரியா என்று பார்க்கவாவது வாயைத் திறக்கும். பால்பல் மேலே 10, கீழே 10. ஆறு வயதை ஒட்டி, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் கூடுதலாக ஒன்று முளைத்தால் அது நிலையான கடைவாய்ப்பல். எந்தப் பல்லும் விழாமல் வருவதால், ‘விழப்போற பல்தானே’ என்று நாம்தான் கோட்டை விடுகிறோம்.

சென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடியிலிருந்து அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு, ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு ஒரு விளையாட்டு. டாக்டர்கள் பால்பல்லுக்கு இரண்டு இலக்க எண் சொல்வார்கள். முதல் இலக்கம் எந்தப் பக்கம் என்பது: மேல் வலது 5, மேல் இடது 6, கீழ் இடது 7, கீழ் வலது 8. அடுத்த இலக்கம், நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. அப்போ 75? கீழ் இடது, கடைசிப் பல். இடம் வலம் பிள்ளையுடையது, டாக்டருடையது அல்ல. பெரியவர்களே இதில் தடுமாறுவார்கள்.

வீக்கம், காய்ச்சல், ராத்திரி தூங்கவிடாத வலி இருந்தால் இதெல்லாம் வேண்டாம், நேரே கிளம்புங்கள். எண்ணத் தெரியாத சின்னதுக்கும் இது சரிவராது.