வளர்ப்புப் பாம்புகளின் நிறம்: வாங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

பால் பைத்தான் (ball python, வீட்டில் வளர்க்கும் ஒரு மலைப்பாம்பு) வாங்கப் போகிறவர்களை அதிகம் குழப்பும் சொல் ‘ஹெட்’. வெளியே சாதாரண நிறம், உள்ளே ஒடுங்கு மரபணு (தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரிவது) ஒன்று ஒளிந்திருக்கும். அதுதான் ஹெட். ‘66% ஹெட்’ என்று பார்த்ததும், அந்த மரபணு அதற்குள் முக்கால்வாசி இருப்பதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். முக்காலும் இல்லை, அரையும் இல்லை. ஒன்று இருக்கும், அல்லது இருக்காது.

கணக்கு இதுதான். அல்பினோ ஹெட் பாம்புகள் இரண்டை இணை சேர்த்தால், சராசரியாக நாலில் ஒரு குட்டி அல்பினோ. மற்ற மூன்றும் பார்வைக்கு ஒரே மாதிரி; அவற்றில் இரண்டு ஹெட், ஒன்று வெறும் சாதாரணம். மூன்றில் இரண்டு என்பதால்தான் 66. எது எது என்று யாராலும் கண்ணால் பிரிக்க முடியாது. பெற்றோரில் ஒன்று அல்பினோவாக இருந்தால் சாதாரண நிறக் குட்டிகள் எல்லாமே ‘100% ஹெட்’. அதுவும் விற்பவரின் வாய்ச்சொல்தான். உரித்த சட்டையை மரபணுச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்துவிடலாம்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் அல்பினோவும் அல்ல. அல்பினோவில் கறுப்பு நிறமி மட்டுமே இல்லாமல் போகிறது. மஞ்சள் அப்படியே நிற்கும், கண் சிவந்திருக்கும். தூய வெள்ளை உடலும் நீலக் கண்ணும் கொண்டது லூசிஸ்டிக், லெஸ்ஸர், மொஹாவி என்ற இரண்டு நிற வகைகளின் மரபணுக்கள் சேர்ந்தால் கிடைப்பது. அல்பினோவையும் லாவெண்டர் அல்பினோவையும் இணை சேர்த்துவிட்டு அல்பினோ குட்டிகளுக்குக் காத்திருப்பவர்களும் உண்டு. இரண்டும் வேறு வேறு மரபணு. பொரிந்து வருவதெல்லாம் சாதாரண நிறமாகவே இருக்கும்.

ஸ்பைடர் என்ற நிற வகை விஷயத்தில் மட்டும் நான் கறாராகவே சொல்வேன். மெல்லிய வலைக்கோடுகள் அழகுதான். ஆனால் அந்தக் கோடுகளைத் தரும் அதே மரபணுதான் சமநிலையையும் கெடுக்கிறது: தலை ஆடும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், இரையைக் குறிதவறிக் கொத்தும். கூடக்குறைய இருக்கலாமே தவிர, ஸ்பைடர் எதுவும் இதற்கு முழு விலக்கல்ல. ‘என் வம்சத்தில் ஆட்டம் கிடையாது’ என்பவரிடம் வாங்காதீர்கள்.

குட்டியின் படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் வேண்டாம். பேஸ்டல் என்ற நிற வகையின் பளீர் மஞ்சள் வளர வளர மங்கும். சட்டை உரிக்கும் முன் எந்தப் பாம்பும் சாம்பல் பூத்துத்தான் தெரியும். வளர்ந்த தாய், தகப்பன் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.