இரண்டாம் தந்தி, இரண்டாம் ஃப்ரெட்: நைலான் கிட்டாரில் மெதுவான ஜாஸ்

நைலான் தந்திக் கிட்டாரை எடுத்து, மிக மெல்லிய தந்தியை ஒன்றாக எண்ணி, இரண்டாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட்) அழுத்தி ஒரே ஒருமுறை மீட்டுங்கள். நொடிக்கு ஒன்றாக மனதுக்குள் எண்ணுங்கள். என் கிட்டாரில் மூன்று எண்ணும்போதே சத்தம் பாதியாகிவிடும். ஐந்துக்குமேல் காதைச் சாய்த்தால்தான் கேட்கும். உங்கள் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அது எத்தனை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் மெதுவான ஜாஸ் பாட்டு முழுவதையும் இந்தக் கணக்குக்குள்தான் வாசிக்கப்போகிறோம்.

சாக்ஸபோன்காரருக்கு மூச்சு இருக்கும்வரை ஸ்வரம் நிற்கும். எலெக்ட்ரிக் கிட்டார்காரருக்கு ஆம்ப் தாங்கிப் பிடிக்கும். நமக்கு மீட்டிய நொடியிலிருந்தே ஸ்வரம் கரைய ஆரம்பிக்கிறது. அந்த வெறுமைக்குப் பயந்து நான் பல வருடம் ஒவ்வொரு இடைவெளியையும் ஆர்பெஜியோவால், அதாவது கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக உதிர்த்து, அடைத்துக்கொண்டிருந்தேன். கிளாசிக்கல் கிட்டார் படித்த கைக்கு அது தானாக வரும். ஆனால் மெலடி அதற்குள் மூழ்கிப்போய்விடுகிறது. கரைவதைக் கரைய விட்டு, சரியான இடத்தில் உள்ளே ஒரே ஒரு ஸ்வரத்தை நகர்த்தினால் போதும் என்பது பிறகுதான் புரிந்தது.

தந்தியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாஸ் உலகத்தில் இந்தக் கிட்டாரை இன்னும் குடல்நரம்புக் கிட்டார் என்றே சொல்கிறவர்கள் உண்டு. இரண்டாம் உலகப்போர் வரை மேல் மூன்று மெல்லிய தந்திகளும் ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்தவைதான். கீழ் மூன்று தடித்த தந்திகளுக்கு பட்டு நூலின்மேல் உலோகக் கம்பி சுற்றியிருக்கும். போர்க்காலத்தில் குடல்நரம்பு கிடைக்காமல் போகவே, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலான் இழையை எடுத்துத் தந்தி செய்தார். 1940களின் கடைசியில் கிளாசிக்கல் கிட்டார் மேதை செகோவியா அதற்கு மாறினார், உலகமும் மாறியது. நம் பழைய பாடல்கள் யாழின் தந்தியை நரம்பு என்றே சொல்வதால், எனக்கு அந்தச் சொல்மேல் ஒரு பிரியம் உண்டு.

ஒருமுறை நிஜக் குடல்நரம்பை வரவழைத்துப் போட்டுப் பார்த்தேன். ஸ்வரத்தின் தொடக்கத்தில் ஒரு சின்ன சொரசொரப்பு, ஒருவர் பேச வாயெடுப்பதுபோல. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் சென்னை ஈரக்காற்றில் காலையில் வைத்த சுருதி மாலையில் இல்லை. இரண்டே வாரத்தில் முதல் தந்தியில் நார் கிளம்பிவிட்டது. நீங்களும் போட்டால், கிளம்பிய நாரைப் பிடித்து இழுக்காதீர்கள். நகவெட்டியால் ஒட்ட நறுக்கிவிட்டு ஒரு துளி பாதாம் எண்ணெய் தடவுங்கள். தினசரி வாசிக்க நைலானே போதும். புதுத் தந்தி நாலைந்து நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், ஆகவே வாசிக்கப்போகிற அன்று காலையில் மாற்றாதீர்கள்.

சரி, பாட்டுக்கு வருவோம். எரோல் கார்னர் 1954ல் போட்ட 'மிஸ்டி'யை எடுத்துக்கொள்கிறேன். 32 பார் (ஒரு பார் என்பது ஒரு தாளச் சுற்று), முதல் எட்டு பார் வேறு வேறு முடிவோடு மூன்றுமுறை வரும். அவர் பியானோக்காரர், பாட்டு ஈ ஃப்ளாட்டில் இருக்கிறது. அந்தச் சுருதியில் நம் திறந்த தந்திகளுக்குப் பெரிய வேலை இல்லை. அரை ஸ்வரம் இறக்கி டி மேஜருக்குக் கொண்டுவாருங்கள். ஈ, ஏ, டி மூன்று பேஸ் தந்திகளும் திறந்தபடியே பேசும், இடது கை முழுக்க மெலடிக்கு மிச்சம். தனியாக வாசிக்கும்போது இதில் எந்தத் தப்பும் இல்லை. கூடப் பாடுகிறவர் இருந்தால் அவர் தொண்டைக்கு எது வசதியோ அதுதான் சுருதி.

டியில் மெலடி இப்படி ஆரம்பிக்கிறது: முதல் தந்தி ஐந்தாம் ஃப்ரெட்டில் ஏ, இரண்டாம் ஃப்ரெட்டில் எஃப் ஷார்ப், அங்கிருந்து இரண்டாம் தந்தி இரண்டாம் ஃப்ரெட்டில் இருக்கும் சி ஷார்ப்புக்கு இறக்கம். நாம் எண்ணிப் பார்த்த அதே ஸ்வரம். டி மேஜர் 7 கார்டின் (கார்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) ஏழாவது ஸ்வரம் அது, பாட்டின் ஏக்கம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

இங்கே கை தானாக டி மேஜர் 7 வடிவத்தைப் போடும்: மேல் மூன்று தந்தியிலும் இரண்டாம் ஃப்ரெட். போடாதீர்கள். முதல் தந்தியின் எஃப் ஷார்ப் ஒலித்துக்கொண்டே இருந்தால் காதுக்கு அதுதான் மெலடி, சி ஷார்ப் அதன் அடியில் ஒளிந்துகொள்ளும். சி ஷார்ப்பை மீட்டும் அதே கணத்தில் எஃப் ஷார்ப்பிலிருந்து விரலைத் தூக்கிவிட வேண்டும். வலது கையின் கட்டைவிரல் திறந்த டி தந்தியில், ஆட்காட்டி விரல் மூன்றாம் தந்தி இரண்டாம் ஃப்ரெட்டின் ஏ மேல், மோதிர விரல் சி ஷார்ப் மேல். மூன்றும் ஒன்றாக, பியானோ மாதிரி. முதல் தந்தி மௌனம்.

இப்போது எண்ணுங்கள். ஒன்று, இரண்டு. மூன்றாவது தட்டில் சி ஷார்ப் தளர ஆரம்பிக்கும்போது, அதை அழுத்திய விரலை எடுக்காமல், மூன்றாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து நான்காவதுக்கு நகருங்கள். ஏ போய் பி வரும். அதை மட்டும் மெதுவாக மீட்டுங்கள். கரைந்துகொண்டிருந்த சி ஷார்ப் பக்கத்தில் ஆள் வந்ததும் திரும்ப உயிர் பெற்ற மாதிரி கேட்கும். சி ஷார்ப்பை நாம் மறுபடி தொடவே இல்லை. இந்த ஒரு பாரை மட்டும் ஒரு வாரம் வாசியுங்கள். நான் ராத்திரி பத்து மணிக்குமேல், பக்கத்து அறையில் அம்மா தூங்கும்போதுதான் இதைப் பழகினேன். சத்தத்தைக் குறைக்க வேண்டிய கட்டாயமே எனக்குப் பாடமாக அமைந்தது.

அடுத்து நான்காவது பார். மூன்றாம் பாரில் ஜி மேஜர் 7: ஆறாம் தந்தி மூன்றாம் ஃப்ரெட், நான்காம் தந்தியிலும் மூன்றாம் தந்தியிலும் நான்காம் ஃப்ரெட். நான்காவதில் ஜி மைனர் 7க்குப் போக, பேஸ் விரலை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளிரண்டையும் ஒரு ஃப்ரெட் இறக்கினால் ஆயிற்று. மோதிர விரலை இரண்டு தந்திமேலும் படுக்கவையுங்கள். வெயிலில் சட்டென்று மேகம் மறைக்கிற இடம் இது. அவசரப்படாதீர்கள்.

ஈ மைனர் 7லிருந்து ஏ 7க்குப் போவது இன்னும் சுலபம். பேஸ் இரண்டும் திறந்த தந்தி. நான்காம் தந்தி ஐந்தாம் ஃப்ரெட்டின் ஜி இரண்டு கார்டுக்கும் பொது. மூன்றாம் தந்தியில் ஏழாம் ஃப்ரெட்டின் டி மட்டும் ஆறாவதுக்கு இறங்கி சி ஷார்ப் ஆகிறது. ஒரு விரல், ஒரு ஃப்ரெட். ஜாஸில் மறுபடி மறுபடி வருகிற அசைவு இதுதான். கார்டின் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்கள் இருந்தால் கார்ட் தெரிந்துவிடும், மற்றதெல்லாம் நீங்கள் விரும்பினால்.

வலது கையில் எனக்கு முக்கியம் மோதிர விரல். மெலடி பெரும்பாலும் அதன் பொறுப்பு. நான்கு தந்தியை ஒன்றாக மீட்டி, மோதிர விரலின் ஸ்வரம் மட்டும் தூக்கலாகக் கேட்கிறதா என்று பாருங்கள். தனி மெலடி வரிகளில் ரெஸ்ட் ஸ்ட்ரோக் வையுங்கள், விரல் அடுத்த தந்தியில் வந்து சாயட்டும், ஸ்வரம் பருமனாகும். கையை ஓட்டையிலிருந்து கழுத்துப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் இனிமை கூடும். நீண்ட ஸ்வரத்தில் இடது விரலைத் தந்தியின் நீளவாட்டில் மெதுவாக ஆட்டுங்கள். ஸ்டீல் கம்பியைவிட நைலான் இதற்கு நன்றாக இளகிக் கொடுக்கும்.

கேட்பதற்கு, நைலான் கிட்டாரில் ஜாஸ் வாசித்த லாரிண்டோ அல்மேடாவும் சார்லி பேர்டும். பேர்ட் 1954ல் இத்தாலிக்குப் போய் செகோவியாவிடமே படித்தவர். அவர் மெலடி வாசிக்கும்போது உள்ளே எத்தனை ஸ்வரங்களை வாசிக்காமல் விடுகிறார் என்று கவனியுங்கள்.

தாளத்துக்கு மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து முதலில் நேராகப் பழகுங்கள். பிறகு முதல் எட்டு பாரைத் தாளமில்லாமல் பேச்சுப்போல வாசித்து, அடுத்த எட்டில் தாளத்துக்குள் வாருங்கள். பேஸ் வாசிப்பவர் கூட இருந்தால் உங்கள் கட்டைவிரலுக்கு ஓய்வு. மைக் என்றால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு எதிரே ஓர் அடி தள்ளி வையுங்கள், பிரிட்ஜ் அடியில் இருக்கும் பிக்அப்பைவிட எவ்வளவோ மேல்.

முடிவுக்கு ஒன்று தருகிறேன். கட்டைவிரலால் திறந்த டி தந்தியை மீட்டுங்கள். ஏழாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே ஒரு விரலை மேல் மூன்று தந்திகள்மீதும் அழுத்தாமல் வையுங்கள். வலது கையை பிரிட்ஜ் பக்கம் கொண்டுபோய் மூன்றாம், இரண்டாம், முதல் தந்தி என்று ஒவ்வொன்றாக மீட்டுங்கள். டி, எஃப் ஷார்ப், பி என்று ஹார்மோனிக்ஸ், அதாவது மணிபோன்ற மெல்லிய ஸ்வரங்கள், மேலே எழும், சேர்ந்தால் டி 6. மூன்றும் எழுந்தவுடன் இடது விரலை எடுத்துவிடலாம். வலது கையைத் தந்திமேல் வைத்து அமுக்காதீர்கள், டி தந்தி தானாக அடங்கட்டும்.