வெள்ளிக்கிழமை வென்று சனிக்கிழமை தோற்கும் அணியை எடைபோடுவது எப்படி?

டிசம்பரில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரச் சாட்ஸ்வொர்த்தில் இரவு 2 மணிக்குக்கூடப் புழுக்கம் அடங்காது. மின்விசிறியை முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு, பனித்தரையில் ஆடும் ஹாக்கியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பேத்தி அமெரிக்காவின் வடகிழக்கில் படிக்கிறாள். அவள் கல்லூரி அணி ஆடுவது ஹாக்கி ஈஸ்ட் கான்பரன்ஸில், அதாவது அந்தப் பகுதிக் கல்லூரி அணிகள் தமக்குள் மோதும் தொடரில். அணியின் பெயரைச் சொல்ல மாட்டேன், கண் பட்டுவிடும். சில ஆண்டுகளுக்கு முன் அடிமட்டத்தில் கிடந்த அணி, இப்போது நடுவில் வந்து நிற்கிறது. "இந்த வருஷம் தேறுமா தாத்தா?" என்று அவள் கேட்ட அன்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். அதிலிருந்துதான் எழுதுகிறேன்.

முதலில் வெற்றி தோல்விக் கணக்கை ஓரமாக வையுங்கள். ஹாக்கி ஈஸ்டில் 11 அணிகள். பாஸ்டன் காலேஜும் பாஸ்டன் யுனிவர்சிட்டியும் ஆளுக்கு ஐந்து முறை தேசியப் பட்டம் வென்றவை, மெய்ன் இரண்டு முறை, பிராவிடன்ஸ் 2015இல் ஒரு முறை. இந்தக் கூட்டத்துக்கு நடுவே ஏழாம் இடம் என்பது வேறோர் இடத்தில் இரண்டாம் இடத்துக்குச் சமம். அத்துடன் 60 நிமிடத்துக்குள் வென்றால் 3 புள்ளி. கூடுதல் நேரத்திலோ ஷூட் அவுட்டிலோ வென்றால் 2, அப்படித் தோற்றாலும் 1. ஆகவே எத்தனை வெற்றி என்று எண்ணாமல், எத்தனை ஆட்டத்தில் வெறுங்கையுடன் திரும்பினார்கள் என்று எண்ணுங்கள். வளரும் அணியிடம் முதலில் குறைவது அந்த வெறுங்கைதான். வெற்றி பின்னால் வரும்.

இனி நோட்டுக்கு வருவோம். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் வெள்ளி, வலப்பக்கம் சனி என்று எழுதுங்கள். கல்லூரி ஹாக்கியில் பெரும்பாலும் ஒரே எதிரணியுடன் அடுத்தடுத்த இரண்டு இரவுகள் ஆடுவார்கள். வெள்ளியன்று பெரிய அணியை ஒரு சின்ன அணி கவிழ்ப்பது பெரிய அதிசயம் இல்லை. கோல்கீப்பர் ஒருவர் உச்சத்தில் இருந்தால் போதும். சனியன்று எதிரணி கோபத்துடன் வரும், நம் பையன்களின் கால்கள் கனத்திருக்கும். அணியின் உண்மையான ஆழம் அன்றுதான் தெரியும். என் நோட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலப்பக்கம் முழுக்க 1-5, 0-4, 2-6 என்று கிடந்தது. போன ஆண்டு அவை 2-3 ஆகவும் 1-2 ஆகவும் சுருங்கின. பட்டியலில் நாங்கள் ஓரிடம்தான் ஏறியிருந்தோம். ஆனாலும் நோட்டைப் பார்த்துப் பேத்தியிடம் "தேறிவிடும்" என்றேன்.

ஆட்டத்துக்குள் எங்கே கண்ணை வைப்பது? இரண்டாம் பீரியட், அதாவது ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் நடுப்பகுதி. அப்போது அணிகள் பக்கம் மாறுவதால், தம் கோலைக் காக்கும் வீரர்களுக்கு மாற்று வீரர்களின் பெஞ்ச் தூரமாகிவிடும். களைத்தவன் பெஞ்சை எட்டுவதற்குள் எதிரணி திரும்ப வந்துவிடும். மாட்டிக்கொண்டவர்கள் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) மறுமுனைக்கு வீசி எறிவார்கள். யாரும் தொடாமல் அது எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் 'ஐசிங்'; வீசிய அணி ஆளை மாற்றக் கூடாது. மூச்சு வாங்கும் அதே ஐந்து பேர் தங்கள் கோல் பக்கத்திலேயே மறுபடி நிற்க வேண்டும். ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் எங்கள் மூன்றாம் வரிசை (முறை வைத்துச் சேர்ந்தே இறங்கும் வீரர் குழுக்களில் மூன்றாவது) இப்படித் தொடர்ந்து மூன்று முறை மாட்டியதைப் பார்த்தேன். ஒரு பையன் மட்டையை முழங்காலுக்குக் குறுக்கே ஊன்றிக் குனிந்து நின்றான். தலையே நிமிரவில்லை. நான்காம் முறை கோல் விழுந்தது. அதிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டாம் பீரியட் ஐசிங்குகளைப் பென்சிலால் கோடு போட்டு எண்ணுகிறேன். நட்சத்திர வீரர் எத்தனை கோல் அடித்தார் என்று பார்ப்பதைவிட இந்தக் கோடுகள் அதிகம் சொல்லும்.

கோல்கீப்பருக்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். ஆட்டத்துக்குக் கோலை நோக்கி 30 அடிகள் வருகின்றன என்று வையுங்கள். நூற்றுக்கு 91 தடுப்பவருக்கும் 89 தடுப்பவருக்கும் ஆட்டத்துக்கு 0.6 கோல் வித்தியாசம். 34 ஆட்டம் கொண்ட பருவத்தில் அது 20 கோல். எங்கள் அணி போன ஆண்டு ஒரே ஒரு கோலில் தோற்ற ஆட்டங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

வயதைப் பார்க்கலாம் என்று முன்பெல்லாம் சொல்வேன். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்கள் நிறைந்த அணி சனிக்கிழமைகளில் தாங்கும். 2025 ஆகஸ்ட் முதல் கனடாவின் மேஜர் ஜூனியர் லீக் (இளையோருக்கான உயர்மட்டத் தொடர்) வீரர்களும் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடலாம் என்று ஆகிவிட்டது. இனி ஒரே கோடையில் ஓர் அணியின் முகமே மாறலாம். பழைய கணக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன்.

அக்டோபரில் செய்ய வேண்டியதைச் சொன்னால் சிரிப்பீர்கள். எதிரிகளுக்குக் கைதட்டுங்கள். தேசியப் போட்டியில் 16 இடங்கள். ஆறு கான்பரன்ஸ்களின் சாம்பியன்கள் போக, மீதி 10 இடங்களுக்கு, ஆட்ட முடிவுகளையும் எதிரணிகளின் பலத்தையும் சேர்த்துத் தரம் பார்க்கிறார்கள். பருவத் தொடக்கத்தில் மெய்ன் வெளியணியை வீழ்த்தினால் மெய்னுடன் ஆடப்போகும் நமக்கும் தரம் ஏறும். ஜனவரிக்குப் பிறகு பெரும்பாலும் நமக்குள்ளேயே அடித்துக்கொள்வதுதான், புதிதாகச் சேருவது குறைவு. பேத்தி இதை ஏற்கவே இல்லை. "பாஸ்டன் காலேஜ் ஜெயிக்கணும்னு நானா வேண்டிக்கிறது?" என்றாள். தைப்பூச விரதத்தின்போது அந்த வேண்டுதலை நானே வைத்துக்கொண்டேன், முருகன் மன்னிப்பார்.

பொறுமைக்கு உதாரணம் வேண்டுமென்றால் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம். 2016-17இல் 5 வெற்றிதான். மறு ஆண்டு, பின்னாளில் தொழில்முறை ஹாக்கியில் நட்சத்திரமான கேல் மக்கார் வந்த பிறகும் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். அதற்கடுத்த ஆண்டு 31 வெற்றி, தேசிய இறுதி ஆட்டத்தில் மினசோட்டா டலூத்திடம் 0-3 தோல்வி. 2021இல் செயின்ட் கிளவுடை 5-0 என்று வீழ்த்திப் பட்டம். மக்கார் வந்த அந்த நடு ஆண்டில்தான் சாமர்த்தியசாலிகள் கவனிக்கத் தொடங்கியிருப்பார்கள். இன்னும் பொறுமை வேண்டுமென்றால் கனெக்டிகட் பல்கலைக்கழகம்: 2014இல் ஹாக்கி ஈஸ்டுக்கு வந்து, தேசியப் போட்டியை முதன்முதலாகத் தொட்டது 2025இல்.

மார்ச்சில் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: ஐந்தாம் இடமா, ஆறாம் இடமா? பருவ முடிவில் கான்பரன்ஸ் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஹாக்கி ஈஸ்ட் பிளே ஆஃபில் முதல் ஐந்து அணிகளுக்கு முதல் சுற்று கிடையாது. ஆறாவதாக வந்தால் ஓர் ஆட்டம் கூடுதல், அதுவும் தோற்றால் வீட்டுக்கு. எங்களுக்கு ஐந்தாம் இடம் கிடைக்கும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். பாஸ்டனில் மாலை 7 மணி என்றால் குளிர்காலத்தில் டர்பனில் அதிகாலை 2. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு 1 மணி. போன ஆண்டு பழக்கதோஷத்தில் 2 மணிக்கு எழுந்து ரூய்போஸ் தேநீருடன் உட்கார்ந்தேன். இரண்டாம் பீரியட் பாதி ஓடியிருந்தது, ஐசிங் எத்தனை என்று பேத்திக்குத் தகவல் அனுப்பிக் கேட்க வேண்டியதாயிற்று.