விண்ணப்பித்த வேலைக்குப் பதில் வராதபோது எப்படி விசாரிப்பது

முதலில் உங்கள் ரெஸ்யூமேயை எடுத்து, அதில் உள்ள கைபேசி எண்ணை ஒவ்வோர் இலக்கமாக உரக்கப் படித்துப் பாருங்கள். நான் ஆள்சேர்ப்புப் பிரிவில் இருந்த காலத்தில், எல்லா வகையிலும் பொருத்தமாக இருந்த ஒரு பெண்ணை இரண்டு நாள் தொடர்ந்து அழைத்தும், ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்ற குரலைத்தான் கேட்க முடிந்தது. பத்து இலக்கங்களில் ஒன்று மாறியிருந்தது. அவரோ, நிறுவனம் தன்னைக் கண்டுகொள்ளவில்லை என்று நினைத்திருப்பார். மின்னஞ்சலின் ஸ்பேம் பகுதியையும், வேலைவாய்ப்புத் தளத்தில் உங்கள் கணக்குக்குள் வந்திருக்கும் செய்திகளையும் பார்த்துவிட்டு, தெரியாத எண்களை முடக்கும் வசதி கைபேசியில் இயங்குகிறதா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பதில் இல்லையென்றால், அது உங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பு என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். பணியிடத்துக்கு நிர்வாகத்தின் ஒப்புதல் கிடைக்காமல் நின்றிருக்கலாம், உள்ளேயே ஒருவரை மாற்றி நியமித்திருக்கலாம், முடிவெடுக்க வேண்டிய மேலாளர் விடுப்பில் இருக்கலாம். இவற்றையெல்லாம் விண்ணப்பித்தவர்களுக்குத் தெரிவிக்கும் பழக்கம் நம் ஊர் நிறுவனங்களில் குறைவு. தனியார் நிறுவனம் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று சட்டமும் இல்லை. ஆகவே விசாரிக்கும் பொறுப்பு விண்ணப்பித்தவரிடமே வந்து சேர்கிறது. அதை முறையாகச் செய்ய, விண்ணப்பிக்கும் அன்றே ஒரு நோட்டில் நிறுவனத்தின் பெயர், பதவி, விளம்பர எண், அனுப்பிய தேதி, கடைசித் தேதி, எந்த ரெஸ்யூமேயை அனுப்பினீர்கள் என்பனவற்றைக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

விளம்பரத்தில் கடைசித் தேதி இருந்தால் அது முடிந்து ஒரு வாரம் கழித்தும், இல்லையென்றால் விண்ணப்பித்துப் பத்து வேலைநாள்கள் கழித்தும் முதல் மின்னஞ்சலை அனுப்பலாம். முன்பு அனுப்பிய மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்பினால், படிப்பவர் உங்கள் விண்ணப்பத்தைத் தேட வேண்டியிராது. பொருள் வரியில் பதவியும், விளம்பர எண்ணும், உங்கள் பெயரும் இருக்கட்டும். உள்ளே நான்கைந்து வரி போதும்:

‘மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர், தங்கள் நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் பணிக்கு இம்மாதம் 3ஆம் தேதி விண்ணப்பித்திருந்தேன். அந்தப் பணிக்கான தேர்வு இப்போது எந்த நிலையில் உள்ளது என்பதைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். வார்ப்பட உதிரிபாகங்களின் ஆய்வில் எனக்கு மூன்றாண்டு அனுபவம் உண்டு. 30 நாள்களில் பணியில் சேர இயலும். ரெஸ்யூமேயை மீண்டும் இணைத்துள்ளேன்.’

விளம்பரம் ஆங்கிலத்தில் இருந்தால் கடிதமும் ஆங்கிலத்தில் போகட்டும். குடும்பச் சிரமங்களை இதில் எழுத வேண்டாம். அவை உண்மையாக இருந்தாலும், படிப்பவரால் அவற்றைக் கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. எத்தனை நாளில் சேர முடியும் என்பதுதான் அவர் தேடுகிற தகவல்.

ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு முறை தொலைபேசியில் பேசலாம். திங்கள் காலையையும் மதிய உணவு நேரத்தையும் தவிர்த்து, பதினொரு மணிக்கு மேல் அழைப்பது நல்லது. வரவேற்பில் இருப்பவரிடம் பதவியின் பெயரைச் சொல்லி, அந்தப் பணிக்கான தேர்வைப் பார்க்கும் எச்.ஆர். (மனிதவளப் பிரிவு அலுவலர்) யார், அவரிடம் எப்போது பேசலாம் என்று கேளுங்கள். பேசக் கிடைத்தால், ‘சார், ஷார்ட்லிஸ்ட் முடிந்துவிட்டதா?’ என்ற, அதாவது நேர்முகத் தேர்வுக்கு அழைக்க வேண்டியவர்களைப் பொறுக்கியாகிவிட்டதா என்ற, ஒரே கேள்வி போதும். ‘முடிந்துவிட்டது’ என்ற பதிலும் பயனுள்ள பதிலே. கன்சல்டன்சி வழியாக விண்ணப்பித்திருந்தால், அவர்களைத் தாண்டி நிறுவனத்தை அழைக்காதீர்கள். நேர்முகத் தேர்வு வரை போனவர்கள், எழுந்து வரும் முன்பே ‘முடிவு எப்போது தெரியும்?’ என்று கேட்டு வந்துவிட்டால், அந்தத் தேதிக்கு மறுநாள் தயக்கமின்றி விசாரிக்கலாம்.

இதற்குப் பிறகு பலரும் கைவிட்டுவிடுகிறார்கள், ஆனால் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது அடுத்த கட்டத்தைத்தான். நம் நாட்டில் பல நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் அங்கே வேலை பார்க்க வேண்டிய காலம், 60 அல்லது 90 நாள். தேர்வானவர் ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டு, பழைய நிறுவனத்தில் ராஜினாமா கொடுத்து, அவர்கள் சம்பளத்தைக் கூட்டித் தந்ததும் அங்கேயே தங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. சேர வேண்டிய நாளில் அவர் வராதபோது, மேலாளர் அவசரமாக ஆள் கேட்பார், எச்.ஆர். பழைய விண்ணப்பங்களைப் புரட்டுவார். ஆகவே விண்ணப்பித்த மூன்றாம் மாதத்தில், ‘அந்தப் பணியிடமோ அதுபோன்ற வேறொன்றோ காலியாக இருந்தால் என்னைக் கருத்தில் கொள்ளுங்கள்’ என்று இரண்டு வரி எழுதுங்கள். அப்படி வந்த கடிதத்தைப் பார்த்து அன்றே கூப்பிட்டு, அந்த வாரமே ஒருவரைச் சேர்த்த அனுபவம் எனக்கு உண்டு. அதற்கும் பதில் வராவிட்டால் நோட்டில் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

அரசுத் துறை, பொதுத்துறை நிறுவனம், அரசுப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் விண்ணப்பித்தவர்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 துணையிருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அளித்தால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்; தராவிட்டால் அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். ‘எனக்கு ஏன் அழைப்பு வரவில்லை?’ என்று கேட்பதைவிட, எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, என் விண்ணப்பம் ஏற்கப்பட்டதா, தகுதிப் பட்டியல் எந்தத் தேதியில் தயாரானது என்று பதிவேட்டில் இருக்கும் விவரங்களைக் கேளுங்கள், ஏனெனில் அந்தச் சட்டம் தருவது ஆவணங்களில் உள்ள தகவலை மட்டுமே.

காத்திருப்பவர்களின் மனநிலையை அறிந்தே சிலர் ஏமாற்றுகிறார்கள். நீங்கள் விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, ‘தேர்வாகிவிட்டீர்கள், பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்துங்கள்’ என்று அழைப்பு வந்தால், பணம் அனுப்பாமல் நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணை நீங்களே அழைத்துக் கேளுங்கள். பணம் போய்விட்டிருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல், அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு குறைந்துவிடும்.