நடத்தை மதிப்பீட்டு அறிக்கையைப் படிப்பது எப்படி

கோவையில் பம்புசெட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் டெஸ்பாட்ச் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். போன ஆண்டு வேறோர் இடத்தில் விற்பனை ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, நேர்காணலுக்கு முன்பு கணினியில், நம் குணங்களைக் கேள்விகள் மூலம் அளக்கும் நடத்தை மதிப்பீடு ஒன்று வைத்தார்கள். இரண்டு நாளில் அறிக்கை வந்தது. ‘ஒத்துழைப்பு 84. உறுதியாக நிற்றல் 18. மோதலைத் தவிர்ப்பவர்.’ அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்படி ஓர் இரவு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 35 எடுத்தால் தேர்ச்சி என்று பழகியவர்கள் நாம். 18 என்றதும் மனம் ஃபெயில் என்றே படிக்கிறது. பல அறிக்கைகளில் அது மதிப்பெண் அல்ல, பெர்சன்டைல். ஜே.இ.இ. எழுதிய பிள்ளை உள்ள வீட்டில் இந்தச் சொல் பழக்கமாகியிருக்கும். ஒப்பிட எடுத்துக்கொண்ட கூட்டத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரைவிட இந்தக் குணம் என்னிடம் அதிகம் என்று பொருள், அவ்வளவுதான். அந்தக் கூட்டம் யார் என்று அறிக்கையில் தேடுங்கள். விற்பனை மேலாளர்களோடு ஒப்பிட்டால் கிடைக்கும் 18 வேறு, எல்லாப் பிரிவு ஊழியர்களோடும் ஒப்பிட்டால் கிடைக்கும் 18 வேறு. அறிக்கையில் இல்லையென்றால் மனிதவளப் பிரிவுக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். அறிக்கையே அனுப்பாவிட்டாலும் கேளுங்கள்.

கேள்விகள் எப்படி இருந்தன என்றும் நினைத்துப் பாருங்கள். நான்கு வாக்கியங்களில் மிகவும் பொருந்துவது ஒன்று, கொஞ்சமும் பொருந்தாதது ஒன்று என்று எடுக்கச் சொன்னார்களா? அந்த முறையில் பெரும்பாலும் ஒரு குணம் ஏறினால் இன்னொன்று இறங்கும். ‘பிறருக்கு உதவுவேன்’ என்பதையே நான் ஒவ்வொரு முறையும் முன்னால் வைத்தேன். ‘என் கருத்தில் நிற்பேன்’ பின்னால் போய்விட்டது. எனக்கு நிற்கவே தெரியாது என்று நான் எங்கும் சொல்லவில்லை.

அடுத்து, யாருக்கும் பொருந்தும் வரிகளை அடித்துவிடுங்கள். 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, அவரவருக்கு உரியது என்று சொல்லி எல்லோரிடமும் ஒரே அறிக்கையைக் கொடுத்தார். அதன் வரிகளில் பெரும்பகுதி கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்தில் எடுத்தவை. எவ்வளவு பொருந்துகிறது என்ற கேள்விக்கு மாணவர்கள் 5க்குச் சராசரியாக 4.3 அளவில் போட்டார்கள். இதைப் படித்த பிறகு என் அறிக்கையை நாத்தனாரிடம் கொடுத்து, அவருக்குப் பொருந்தும் வரிகளைப் பென்சிலால் கோடிடச் சொன்னேன். பதினான்கில் ஒன்பது கோடு விழுந்தது. மிஞ்சிய ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இனிமேல்தான் உண்மையான வேலை. மிஞ்சிய ஒவ்வொரு வரிக்கும் நோட்டுப் பக்கத்தின் நடுவே ஒரு கோடு கிழியுங்கள். அந்த வரி மெய்யான நாள் இடப்பக்கம், பொய்யான நாள் வலப்பக்கம். குணத்தை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள்: நேரம், இடம், எதிரே நின்றவர், உங்கள் வாயிலிருந்து வந்த சொல்.

‘மோதலைத் தவிர்ப்பவர்’ என்பதற்கு என் வலப்பக்கம் இது. மாலை ஆறரை மணி. நாற்பது மோட்டார் ஏற்றிய லாரி கேட்டில் நிற்கிறது. மூன்று மோட்டார்களின் தகட்டு எண் இன்வாய்ஸோடு ஒத்துப்போகவில்லை. டிரைவர் ஹாரன் அடிக்கிறார், விற்பனைப் பிரிவிலிருந்து போன் மேல் போன். “தார்ப்பாயை அவிழுங்கள். எண் பார்க்காமல் விடமாட்டேன்” என்றேன். லாரி கிளம்ப எட்டரை ஆயிற்று. இடப்பக்கம்: என் விடுப்புக் கணக்கில் இரண்டு ஆண்டுகளாக நாட்கள் குறைந்தே வந்தன. மேலாளர் அறை வாசல்வரை மூன்று முறை போய்த் திரும்பி வந்தேன்.

இரண்டையும் சேர்த்துப் படித்தபோதுதான் பிடிபட்டது. சரக்குக்காக என்றால் யார் எதிரிலும் நிற்கிறேன். எனக்காகக் கேட்க வேண்டும் என்றால் வாய் அடைத்துப்போகிறது. பதினெட்டு என்ற எண்ணில் இது இல்லை. ஆனாலும் அந்த எண் என்னைச் சுட்டிராவிட்டால் இதை நான் தேடியிருக்க மாட்டேன்.

எழுதியதை உங்களோடு வேலை பார்த்த ஒருவரிடம் காட்டுங்கள். வீட்டு மனிதர்கள் நம்மை வேலையிடத்தில் பார்த்ததில்லை. எங்கள் ஸ்டோர்ஸ் அண்ணன் படித்துவிட்டு, “லாரியை நீ ஒரு தடவையா நிறுத்தினாய், அம்மா?” என்று கேட்டு, நான் மறந்துபோன இரண்டு நாட்களை நினைவுபடுத்தினார்.

நேர்காணலில் அறிக்கையோடு சண்டைக்குப் போகாதீர்கள். “பாக்கி வைத்த டீலரிடம் உங்களால் கறாராகப் பேச முடியுமா?” என்று என்னை நேர்காணல் செய்த மேலாளர் கேட்டார். லாரி நின்ற கதையைச் சொன்னேன். எனக்கான கோரிக்கைகளில் தயங்குவேன் என்பதையும், அதற்காக இப்போது முன்கூட்டியே எழுதிக்கொண்டு பேசப் பழகுகிறேன் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்றார். தொகையை எழுதி மடித்துக் கொண்டுபோயிருந்த தாளைப் பிரித்து மேசைமேல் வைத்தேன்.