‘தொங்கல்’ என்னும் சொல்லைப் பொருளறிந்து கையாளும் முறை

‘தொங்கல்’ என்ற சொல் ஒரு வாக்கியத்தில் வந்தால், அது செயலைக் குறிக்கிறதா, பொருளைக் குறிக்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ‘தொங்கு’ என்னும் வினையோடு ‘அல்’ விகுதி சேர்ந்து தொழிற்பெயரானதே இச்சொல். வற்றுவது வற்றலாகி உண்ணும் பொருளைக் குறித்ததுபோல, இதுவும் தொழிலாகுபெயராகித் தொங்கும் பொருளைக் குறிக்கிறது. ஐயம் எழும் இடத்தில் ‘தொங்குதல்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். “கிளையைப் பற்றித் தொங்கல் ஆபத்து” என்பதில் மாற்றம் இடறாது. “முத்துத் தொங்கல் அறுந்துவிட்டது” என்பதில் அது பொருந்தாது; ஆகவே அங்கே பேசப்படுவது அணி.

அணியாகக் கொண்டால், மேல்முனை ஓரிடத்தில் பிணைந்தும் கீழ்முனை கட்டின்றி ஆடியும் இருக்கிறதா என்பதே அளவுகோல். காதுமடலோடு ஒட்டிக் கிடக்கும் தோட்டைத் தொங்கல் என்று எழுதுவது பிழை. தோட்டின் அடியில் மாட்டிய ஜிமிக்கியை உற்றுப் பார்த்தால் கவிழ்த்த கிண்ணம்போன்ற உடல் ஒரு சிறு வளையத்தில் ஆடுவதும், அதன் விளிம்பைச் சுற்றிக் கோத்த முத்துகள் தனித்தனியே ஆடுவதும் தெரியும். ஓர் அணிக்குள்ளேயே இரண்டடுக்குத் தொங்கல். முழு அணிக்கு ஜிமிக்கி என்ற பெயர் இருக்கும்போது அதைத் தொங்கல் என்று பொதுமைப்படுத்துவதைவிட, விளிம்பு முத்துகளுக்கு அச்சொல்லை ஒதுக்குவதே நல்லது என்பது என் கருத்து. காதில் தொங்கும் அணியைப் பொதுவாகச் சொல்லத் ‘தொங்கட்டான்’ இருக்கிறது.

எதனால் ஆனது என்பதை முன்னே வைத்தால் சொல் தெளிவு பெறும்: முத்துத் தொங்கல், பவளத் தொங்கல், மணித் தொங்கல். இவற்றில் இடையே வரும் தகர ஒற்றை விட்டுவிடக் கூடாது. “மணி தொங்கல்” என்று எழுதினால் இரண்டு சொற்களும் ஒட்டாமல் நிற்கும்.

தேரிலும் பந்தலிலும் இச்சொல்லைப் பயன்படுத்தும்போது கவனம் தேவை. தேரைச் சுற்றி உருளை வடிவில் தொங்கும் துணி அலங்காரத்துக்குத் ‘தொம்பை’ என்ற தனிப்பெயர் உண்டு; வாயிலின் குறுக்கே கட்டுவது தோரணம்; நூல்களை ஒரு முனையில் இறுக்கி மறுமுனையை விரியவிட்டது குஞ்சம். இத்தகைய பெயர் கிடைக்காத இடத்துக்கே ‘தொங்கல்’ ஏற்றது.

பழம்பாடல்களில் கதை வேறு. அங்கே தொங்கல் பெரும்பாலும் பூமாலை. அலங்கல், தெரியல், தொடையல் ஆகிய மாலைப் பெயர்களின் வரிசையில் வருவது. வண்டு, தேன், மார்பு, தோள் ஆகிய சொற்கள் அருகில் இருந்தால் தயங்காமல் மாலை என்று பொருள் கொள்ளலாம். மயிலோ பீலியோ (மயிலிறகு) பேசப்படுமானால், பீலிக்குஞ்சம் என்ற பொருளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காதணி என்ற இன்றைய பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், மன்னனின் மார்பில் காதணி ஆடும் விபரீதம் நேரும்.

முடியாமல் இழுபடும் வேலையைத் ‘தொங்கலில் கிடக்கிறது’ என்பது பேச்சு வழக்கு. அணியோடு அதற்குள்ள உறவு, அந்தரத்தில் நிற்பது மட்டுமே. யாழ்ப்பாணத்திலோ தொங்கல் என்றால் ஒன்றின் கடைசி முனை. ஆடையின் முன்றானையையும் தொங்கல் என்பதுண்டு. துணி தொங்கி முடியும் அந்த இடத்திலிருந்தே முனை என்ற பொருள் விரிந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே ஈழத்து எழுத்தாளர் ஒருவர் “அந்தத் தொங்கலில் இருக்கிற வீடு” என்று எழுதியிருந்தால், வீட்டு வாசலில் அலங்காரத்தைத் தேட வேண்டாம். தெருவின் கோடிவரை நடந்து போக வேண்டும்.