வலி கூடும்போது மட்டும் டாக்டரிடம் ஓடாதீர்கள்

மும்பை தாராவியில் எங்கள் சித்தி இட்லி அவித்து விற்கிறார். இடுப்பு வலி பத்து வருடமாகக் கூடவே இருக்கிறது. போன மாதம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணிக்கடைப் பையை இழுத்தார். மழைக்கால ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன எக்ஸ்ரே மூன்று, எம்ஆர்ஐ ஒன்று, எழுத்து மங்கிய சீட்டுகள். எண்ணிப் பார்த்தேன், ஏழு டாக்டர்கள். யாரிடமும் மூன்றாவது முறை போனதில்லை.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். மூன்று மாதத்தைத் தாண்டினால் அது நாள்பட்ட வலி. சர்க்கரை, பிரஷர் மாதிரி தொடர்ந்து கவனிக்க வேண்டியது. நாமோ ஒவ்வொரு முறையும் புதுசாக வந்த வலியைப் போல ஓடுகிறோம். இடுப்பு வலி, முட்டி வலியின் இயல்பே ஏறி இறங்குவதுதான். உச்சத்தில் இருக்கும்போது யாரிடம் போனாலும் அப்புறம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அது ஊசியின் வேலை என்று நம்பிவிடுகிறோம். அடுத்த தடவை அதே ஊசிக்கு இறங்கவில்லை என்றால் டாக்டர் கைராசி போய்விட்டது என்று வேறு ஆளைத் தேடுகிறோம். அவருக்குப் பழைய கதை தெரியாது. மறுபடி எக்ஸ்ரே, அதே மாத்திரை வேறு பெயரில்.

ஒரே இடத்தில் காட்டுங்கள். வலி குறைந்த வாரத்திலும் சொன்ன தேதிக்குப் போங்கள், பயிற்சியைப் படிப்படியாகக் கூட்ட அதுதான் நல்ல நேரம். சயான் ஆஸ்பத்திரி ஓபிடியில் (வெளிநோயாளி பிரிவில்) அரை நாள் போகும், அன்றைய வியாபாரமும் போகும், தெரியும். அந்த அரை நாள் வீணாகாமல் இருக்க ஒரு நோட்டுப் போடுங்கள். வலி எப்போது தொடங்கியது, எந்த மாத்திரை எத்தனை நாள், எது கேட்டது, எது வயிற்றைப் புண்ணாக்கியது, இவ்வளவு போதும். டாக்டரிடம் "வலிக்குது" என்பதோடு நிறுத்தாமல், "மாவுச் சட்டியைத் தூக்க முடியல, பத்து நிமிஷம் நிக்க முடியல" என்று சொல்லுங்கள். சிகிச்சை பலிக்கிறதா என்று அடுத்த முறை அதை வைத்துத்தான் பார்க்க முடியும்.

ஸ்கேனில் "டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை) பிதுங்கியிருக்கு" என்று எழுதியிருந்தால் உடனே இடிந்துபோகாதீர்கள். வலியே இல்லாத 3,000க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் அந்தப் பிதுக்கம் இருந்தது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகாது.

இடுப்பில் கட்டும் பெல்ட்டையும் பெரிதாக நம்பாதீர்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு அதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. அது பரிந்துரைப்பவற்றில் உடற்பயிற்சி ஒன்று. "செய்தா வலிக்குதே" என்று சித்தி இரண்டாம் நாளே நிறுத்திவிட்டார். ஆரம்பத்தில் கொஞ்சம் வலிக்கலாம், அதனால் எலும்பு தேய்ந்துவிடாது. ரொம்ப வலித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், விட்டுவிடாதீர்கள். பயிற்சிக்குப் பாயைச் சுருட்டியபின் கிடைக்கும் இடமே போதும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் கிட்னியையும் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும். பெயர் ஒட்டாத பொட்டலப் பொடி வேண்டவே வேண்டாம், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

இடுப்பு வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது என்றால் சீக்கிரம் காட்டுங்கள், முதுகெலும்பில் டிபி வருவது நம் நாட்டில் உண்டு. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் திடீரென்று பலமிழந்தாலோ, தேதிக்கும் காத்திருக்காமல் நோட்டையும் தேடாமல் அன்றைக்கே கேஷுவல்டிக்கு (அவசர சிகிச்சைப் பிரிவுக்கு) போய்விடுங்கள்.